எண்ணெய் பாய்லரை எடுத்துவிட்டு மரச்சில்லு பாய்லர் வைத்தோம்: நான் பட்டதும் கற்றதும்

வட இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் இருக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கட்டடப் பராமரிப்பு என் பொறுப்பு. 2014-ல் எங்கள் பழைய எண்ணெய் பாய்லர் இரண்டில் ஒன்றுக்குப் பதிலாக மரச்சில்லு எரிக்கும் பாய்லர் வந்தது. ரிப்பன் வெட்டி, படம் எடுத்து, எல்லாரும் கிளம்பிப் போன பிறகு அந்த பாய்லரோடு நான் மட்டும்தான் மிச்சம். அடுத்த இரண்டு குளிர்காலம் நான் பட்ட பாட்டை வீட்டைத் தவிர வேறெங்கும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது எழுதக் காரணம், கவுன்சில், பள்ளி, மருத்துவமனை என்று இங்கே கட்டடப் பராமரிப்பில் இருக்கும் நம்மவர்கள் சிலர் “எங்க இடத்திலயும் மரம் எரிக்கிற பாய்லர் வைக்கலாமான்னு பேச்சு ஓடுது, எப்படி?” என்று கேட்கிறார்கள். மரம் எரித்துக் கட்டடத்தைச் சூடாக்குவது நல்ல யோசனைதான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. நிலக்கரிக்குப் பேர்போன பார்ன்ஸ்லியில் 2000-களின் நடுவிலேயே நகராட்சி தன் கட்டடங்களை மரச்சில்லுக்கு மாற்றி, அதற்காக 2006-ல் பசுமை ஆற்றலுக்கான ஆஷ்டன் விருதும் வாங்கியது. ஆனால் கூட்டங்களில் எல்லாரும் பாய்லரைப் பற்றியே பேசுகிறார்கள். எரிபொருள் எங்கிருந்து வரும், எங்கே கொட்டும், யார் பார்த்துக்கொள்வார்கள் என்று முடிவான பிறகுதான் பாய்லர் என்ற பேச்சையே எடுக்க வேண்டும். எங்கள் பள்ளியில் அது தலைகீழாக நடந்தது.

எங்கள் ஊருக்கு எரிவாயுக் குழாய் கிடையாது. 1960-களில் கட்டிய கட்டடம், ஒற்றைச் செங்கல் சுவர், பெரிய பெரிய ஜன்னல்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 லிட்டர் எண்ணெய் குடிக்கும். அப்போது லிட்டர் அறுபது பென்ஸை ஒட்டி விற்றது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில்தான் அரசின் ஆர்.எச்.ஐ. (Renewable Heat Incentive) என்ற மானியத் திட்டம் சூடுபிடித்திருந்தது. 2011 நவம்பரில் தொடங்கிய திட்டம் அது. மரம் போன்ற புதுப்பிக்கத்தக்க எரிபொருளில் நீங்கள் உண்டாக்கும் ஒவ்வொரு யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பத்துக்கும் 20 ஆண்டுக்குப் பணம். எண்ணெய்ச் செலவும் குறையும், மேலே பணமும் வரும், கரியமில வாயுவும் குறையும் என்று ஆலோசகர் கொடுத்த அறிக்கையைப் பார்த்தால் யாருக்கும் வேண்டாம் என்று சொல்லத் தோன்றாது.

அந்த அறிக்கையில் பாய்லரின் திறன் 199 கிலோவாட் என்று இருந்தது. ஏன் 199 என்று கேட்டேன். ஆர்.எச்.ஐ.யில் 200 கிலோவாட்டுக்குக் கீழ் இருந்தால் சிறிய பாய்லர் என்று கணக்கு, யூனிட்டுக்குக் கூடுதல் பணம். அதனால்தான் அந்தக் காலத்தில் நாடு முழுக்க 199 கிலோவாட் பாய்லர்கள் முளைத்தன. அதாவது எங்கள் கட்டடத்துக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதை எங்கள் கட்டடம் தீர்மானிக்கவில்லை, மானிய விகிதம் தீர்மானித்தது. வட அயர்லாந்தில் இதே பெயரில் தனியாக நடந்த திட்டம் இன்னும் மோசம். இங்கிலாந்தில் பாய்லர் முழுத் திறனில் ஓடினால் ஆண்டுக்கு முதல் 1,314 மணி நேரத்தில் தரும் வெப்பத்துக்குத்தான் உயர்ந்த விகிதம், அதற்கு மேல் குறைந்துவிடும். அங்கே அந்தப் படிக்கட்டே இல்லை. எரிபொருள் விலையைவிட மானியம் அதிகம், எவ்வளவு எரிக்கிறீர்களோ அவ்வளவு லாபம். அது அரசியல் புயலாகி 2017 ஜனவரியில் அங்கே ஆட்சியே கவிழ்ந்தது, விசாரணை அறிக்கை 2020 மார்ச்சில் வந்தது. உங்கள் ஆலோசகரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: மானியமே இல்லை என்று வைத்துக்கொண்டால் இதே அளவு பாய்லரைத்தான் சொல்வீர்களா? ஆர்.எச்.ஐ. 2021 மார்ச் 31-ல் புது விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டுவிட்டது. ஆனால் நாளைக்கு வேறு பெயரில் வேறு மானியம் வரும், இந்தக் கேள்வி அப்போதும் உதவும்.

வேலை தொடங்கிய முதல் வாரமே பணம் கரைய ஆரம்பித்தது. பழைய பாய்லர் அறையில் குழாய்களைச் சுற்றியிருந்த பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ், மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார். அந்தக் காலத்துப் பள்ளிக் கட்டடங்களில் இது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். இந்த நாட்டில் ஆஸ்பெஸ்டாஸை முழுமையாகத் தடை செய்ததே 1999-ல்தான். பள்ளியில் ஏற்கெனவே ஓர் ஆஸ்பெஸ்டாஸ் பதிவேடு இருந்தது, ஆனால் அது அன்றாடப் பராமரிப்புக்கானது. சுவரை உடைத்து, குழாயைக் கழற்றி வேலை செய்வதற்கு முன்னால் தனியாக ஒரு விரிவான சோதனை செய்ய வேண்டும். அது திட்டச் செலவில் சேர்க்கப்படவே இல்லை. உரிமம் உள்ளவர்கள்தான் இதை அகற்ற முடியும், அதற்கும் 14 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். கோடை விடுமுறையே ஆறு வாரம், அதில் இரண்டு வாரம் அறிவிப்பிலேயே போய்விட்டது. அகற்றும் செலவு 14,000 பவுண்டுக்குக் கிட்ட வந்தது. ஆகவே விடுமுறைக்கு வெகு முன்பே, ஈஸ்டர் சமயத்திலேயே அந்தச் சோதனையை முடித்துவிடுங்கள். டெண்டர் விடும்போது அந்த அறிக்கையையும் கூடவே கொடுங்கள்.

அடுத்தது எரிபொருளின் பருமன். இதை நேரில் பார்க்கும் வரை யாருக்கும் புரியாது. நாங்கள் எரித்த 40,000 லிட்டர் எண்ணெய் என்பது 40 கன மீட்டர். அதே வெப்பத்துக்கு 30 விழுக்காடு ஈரம் உள்ள மரச்சில்லு நூறு டன்னுக்கு மேல் வேண்டும், பருமனில் 400 கன மீட்டரைத் தாண்டும். பத்து மடங்குக்கும் அதிகம். கடுங்குளிர் நாளில் எங்கள் பாய்லர் மூன்று கன மீட்டர் சில்லு தின்னும். எங்களுக்குக் கட்டிக் கொடுத்த நிலத்தடித் தொட்டியின் கொள்ளளவு 40 கன மீட்டர். ஆனால் மூலைகளில் தங்குவதை இயந்திரம் இழுக்காது, மேலே முழுதாக நிரம்பவும் நிரம்பாது. உபயோகத்துக்கு 30 கிடைத்தால் பெரிது. சில்லு கொண்டுவரும் டிரெய்லர் ஒரு நடைக்குக் கொட்டுவதும் கிட்டத்தட்ட அவ்வளவேதான். அதாவது தொட்டி ஏறக்குறையக் காலியானால்தான் அடுத்த லோடை வாங்க முடியும். டிரைவர் பனியால் ஒரு நாள் தாமதித்தால் பள்ளி குளிர்ந்துவிடும். தொட்டி குறைந்தது ஒன்றரை லோடு கொள்ள வேண்டும் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன். இடம் இல்லை என்றால் சில்லை விட்டுவிட்டு பெல்லட்டுக்கு, அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளுக்கு, போங்கள், அதற்கு இடம் மிகக் குறைவு. டிரெய்லர் திரும்ப வளைவு இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்களுக்கு இருந்தது, ஆனால் அது பள்ளிப் பேருந்து நிற்கும் அதே இடம். காலை எட்டரைக்கும் மாலை மூன்றரைக்கும் லோடு வரவே கூடாது என்று சப்ளையரோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

முதல் குளிர்காலம் வந்தது. நவம்பர் வரை ஓரளவு ஓடியது. டிசம்பரில் சில்லின் நிறமே மாறியது, கையில் எடுத்தால் குளிர்ந்த ஈரம் ஒட்டியது. பாய்லர் திணறத் தொடங்கியது, புகைபோக்கியில் வெள்ளைப் புகை. அப்புறம் நீளநீளமான சிம்புகள் வந்து ஆகரில், அதாவது சில்லைத் தள்ளிக்கொண்டு போகும் திருகுத் தண்டில், சிக்கிக்கொண்டன. விடிகாலை ஐந்து மணிக்கு என் போனில் அலாரம் வரும். எழுந்து போய், மின்சாரத்தைத் துண்டித்து, மூடியைக் கழற்றி, கையால் பிடுங்கி எடுக்க வேண்டும். சில நாள் எட்டு மணிக்குள் சரியாகிவிடும், சில நாள் ஆகாது. வேலையிடத்தில் குறைந்தது 16 டிகிரி இருக்க வேண்டும் என்பது இங்கே வழிகாட்டி அளவு. வகுப்பறையில் 12, 13 என்று தெர்மாமீட்டர் காட்டும்போது பிள்ளைகள் கோட்டைக் கழற்றாமல் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் வயிறு கலங்கும். ஜனவரியில் தலைமை ஆசிரியர் பள்ளியை மூட வேண்டியதாயிற்று. பெற்றோர் அனுப்பிய கோபமான மின்னஞ்சல்கள் எனக்கும் வந்தன. பாய்லர் வைத்த நிறுவனம் “எரிபொருள் சரியில்லை” என்றது. சில்லு கொடுத்தவர் “பாய்லர் சரியில்லை” என்றார். நடுவில் நான். அந்த நாட்களில் தூக்கம் போனது, போன் ஒலித்தாலே நெஞ்சு படபடத்தது. வேலையை விட்டுவிடலாமா என்று மனைவியிடம் கேட்டதும் உண்டு.

பள்ளியின் அறிவியல் ஆய்வகம்தான் எங்களைக் காப்பாற்றியது. ஈரத்தை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு தட்டுச் சில்லை எடைபோட்டு, 105 டிகிரி அடுப்பில் எடை குறைவது நிற்கும் வரை உலர்த்தி, மறுபடி எடைபோட்டால் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று தெரிந்துவிடும். வேதியியல் ஆசிரியை உதவியோடு ஒவ்வொரு லோடிலும் மாதிரி எடுத்தேன். முப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது, வந்தது ஐம்பதை ஒட்டி. புதிதாக வெட்டிய மரம் அப்படித்தான் இருக்கும். அதை உருளையாகவே அடுக்கி, ஒரு கோடையாவது காற்றில் காயவிட்டு, பிறகுதான் சில்லாக்க வேண்டும். 30 விழுக்காடு ஈரத்தில் ஒரு கிலோ சில்லு சுமார் மூன்றரை யூனிட் வெப்பம் தரும். 50 விழுக்காட்டில் இரண்டே கால்தான். நாங்கள் டன் கணக்கில் பணம் கொடுத்துக்கொண்டிருந்தோம், அதில் பாதி தண்ணீருக்குப் போனது. போதாக்குறைக்கு, ஆர்.எச்.ஐ.க்காக பாய்லருக்குக் கொடுத்த புகைச் சான்றிதழில் எவ்வளவு ஈரம் வரை எரிக்கலாம் என்று எழுதியிருக்கிறது, அதை மீறினால் பணத்துக்கே ஆபத்து.

அந்த அளவீடுகள் கையில் வந்த பிறகு பேச்சின் தொனியே மாறிவிட்டது. வேறு சப்ளையரிடம் போனோம். இந்த முறை டன் கணக்கு இல்லை, பாய்லரிலிருந்து வெளியே போகும் வெப்பத்தை மீட்டரில் படித்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். ஈரச் சில்லு கொடுத்தால் நஷ்டம் அவருக்கு. சில்லின் அளவும் தரமும் எந்தத் தர விதிப்படி என்று எழுத்தில், கூடவே மீறினால் திருப்பி ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்ற விதி. ஒப்பந்தத்தில் வேறு எதை விட்டாலும் இந்த இரண்டையும் விடாதீர்கள். முடிந்தால் கையெழுத்துப் போடும் முன் அவருடைய களத்துக்கே போய்ப் பாருங்கள். மரம் கூரைக்குக் கீழே இருக்கிறதா, எத்தனை மாத இருப்பு இருக்கிறது, சில்லுக் குவியல் மழையில் கிடக்கிறதா என்று ஒரு சுற்றுச் சுற்றினாலே தெரிந்துவிடும். ஈரக் குவியலில் பூஞ்சை பிடிக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தொட்டிப் பக்கம் வேலை செய்பவருக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.

நான் திருப்பூர்ப் பக்கத்துக்காரன். சாயப்பட்டறைகளில் விறகு போடும் நீராவி பாய்லர்களைப் பார்த்து வளர்ந்தவன். அங்கே சான்றிதழ் வாங்கிய பாய்லர் அட்டெண்டன்ட் இருந்தே ஆக வேண்டும், அவர் ஷிஃப்ட் முழுக்க அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தீயின் நிறத்தை வைத்தே விறகு எப்படி என்று சொல்லிவிடுவார், கிளிங்கர், அதாவது சாம்பல் உருகி இறுகிய கட்டி, கட்டினால் உடனே தட்டி எடுப்பார். இங்கே வைத்தது குறைந்த வெப்பநிலையில் ஓடும் வெந்நீர் பாய்லர், நீராவி கிடையாது, அதனால் அந்த அளவு ஆள் தேவையில்லை என்பது சரிதான். ஆனால் “எண்ணெய் பாய்லர் மாதிரியே தானாக ஓடும்” என்று விற்றார்களே, அது உண்மையில்லை. வாரத்தில் ஐந்தாறு மணி நேரமாவது ஒருவர் அதற்கென்று ஒதுக்க வேண்டும். சாம்பல் தொட்டியைக் காலி செய்வது, வெப்பப் பரிமாற்றக் குழாய்களைப் பார்ப்பது, மண்ணும் பட்டையும் கலந்த சில்லு வந்தால் உருகிக் கட்டியாகும் கிளிங்கரை உடைப்பது, தீ பின்வாங்கித் தொட்டிப் பக்கம் போகாமல் தடுக்கும் அமைப்பைச் சோதிப்பது எல்லாம் அதில் அடக்கம். எங்கள் கேர்டேக்கர் ஓய்வுபெறும் வயதில் இருந்தவர், அவருடைய வேலை ஒப்பந்தத்தில் இது இல்லவே இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. யார் பார்ப்பார்கள், எந்த நேரத்தில், எவ்வளவு சம்பளத்துக்கு, அவர் லீவு போட்டால் யார் என்று பெயரோடு எழுதி வைத்துவிட்டுப் பாய்லரை ஆர்டர் செய்யுங்கள்.

ஏப்ரல் வந்ததும் வேறொரு தொல்லை. வெளியே வெயில் எட்டிப் பார்த்ததும் ரேடியேட்டர்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். எண்ணெய் பாய்லர் நினைத்த நொடியில் அணையும், நினைத்த நொடியில் பற்றும். மரம் அப்படி அணையாது. எங்கள் பாய்லர் தன் திறனில் 30 விழுக்காட்டுக்குக் கீழே ஒழுங்காக எரியாது, அதாவது 60 கிலோவாட். கட்டடம் கேட்பதோ இருபதோ முப்பதோ. அதனால் பற்றும், அணையும், புகையும், உள்ளே தார் படியும். இதற்குத்தான் பஃபர் டேங்க் என்று பெரிய வெந்நீர்த் தொட்டி. பாய்லர் முழு வேகத்தில் எரிந்து அதை நிரப்பும், கட்டடம் மெல்ல மெல்ல எடுத்துக்கொள்ளும். எங்களுக்குக் கொடுத்தது 1,000 லிட்டர், இந்த பாய்லருக்கு அது எந்த மூலைக்கு? கிலோவாட்டுக்கு 20 லிட்டருக்குக் குறையவே கூடாது, 25-க்கு மேல் இருந்தால் நிம்மதி. பிறகு 5,000 லிட்டர் தொட்டி ஒன்றைச் சேர்த்தோம், கதவை இடித்து உள்ளே கொண்டுபோனதோடு சேர்த்து 11,000 பவுண்ட் ஆனது. கோடையில் கை கழுவும் வெந்நீருக்காக மட்டும் இந்த பாய்லரை ஓட்டுவது வீண். சமையலறைக்கும் கழிவறைகளுக்கும் தனியாக மின்சார ஹீட்டர் வைத்துவிட்டு, மே முதல் செப்டம்பர் வரை பாய்லரை நிறுத்திவிடுகிறோம்.

இந்தத் திட்டத்தில் நான் பிடிவாதமாக நின்று சாதித்த ஒரே விஷயம், இரண்டு எண்ணெய் பாய்லரில் ஒன்றையாவது விட்டுவைக்க வேண்டும் என்பதுதான். இரண்டையும் எடுத்தால்தான் முழுப் பசுமைப் பள்ளி என்று பெயர் வாங்கலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது வயதானது, ஜனவரியில் தனியாகக் கட்டடத்தைத் தாங்க முடியவில்லை, பழுதுபட்ட வாரங்களில் வாடகைக்கு ஒரு நடமாடும் பாய்லரும் கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்கு வாரம் ஆயிரத்துச் சொச்சம் பவுண்ட், எண்ணெய் தனி. ஆனாலும் அந்தப் பழைய எண்ணெய் பாய்லர் இல்லாமல் இருந்திருந்தால் பள்ளி வாரக்கணக்கில் மூடியிருக்கும். உண்மையில் பொறியியல் கணக்கும் இதையேதான் சொல்கிறது. ஆண்டில் கடுங்குளிர் நாட்கள் கொஞ்சம்தான். உச்சத் தேவையில் பாதி, அறுபது விழுக்காடு அளவு மர பாய்லரே ஆண்டு வெப்பத்தில் பெரும் பகுதியைக் கொடுத்துவிடும். மிச்சமிருக்கும் உச்சத்துக்கு எண்ணெயை வைத்துக்கொள்ளலாம். மரத்துக்கு ஆகும் முதலீடும் குறையும், அது நின்று நிதானமாகவும் எரியும்.

ஆர்.எச்.ஐ. காகித வேலையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அந்தக் கதவு மூடியாயிற்று. ஒன்று மட்டும். எங்கள் பாய்லர் இரண்டு கட்டடங்களுக்கு வெப்பம் கொடுக்கிறது, அதனால் ஒரு மீட்டர் போதாது என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. குழாயை வெட்டிக் கூடுதல் மீட்டர் வைத்து மறுபடி அனுப்பும் வரை எரித்த வெப்பத்துக்கு ஒரு பைசா வரவில்லை. ஏற்கெனவே இந்தத் திட்டத்தில் இருக்கும் பள்ளிக்கு நீங்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தால், மீட்டர் அளவீடுகளும் எரிபொருள் ரசீதுகளும், சில்லு அங்கீகரிக்கப்பட்ட சப்ளையரிடம் வாங்கியது என்பதற்கான எண்ணும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று முதல் நாளே பாருங்கள். 20 ஆண்டுத் திட்டம், எங்களுடையது 2030-களிலும் ஓடும், தணிக்கைக்கு எப்போது வேண்டுமானாலும் வருவார்கள்.

எங்கள் நிர்வாகத்தின் கீழேயே உள்ள தொடக்கப் பள்ளிக்குப் பிறகு பெல்லட் பாய்லர் வந்தது. பெல்லட் சுத்தமானது, உலர்ந்தது, லாரியிலிருந்து குழாய் வழியாக ஊதித் தொட்டியை நிரப்பிவிடலாம். சில்லில் பட்ட தொல்லையில் பெரும்பாலானவை அங்கே இல்லை. ஆனால் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதை நான் தற்செயலாகத்தான் தெரிந்துகொண்டேன். மூடிய தொட்டியில் கிடக்கும் பெல்லட் தானாகவே கார்பன் மோனாக்ஸைடை வெளியிடும். தீ எதுவும் வேண்டாம், மரத்திலுள்ள கொழுப்பு அமிலங்கள் காற்றோடு சேர்ந்து மாறுவதே போதும். நிறமில்லை, அந்த வாயுவுக்கு வாசனையும் இல்லை. பெல்லட் தொட்டிக்குள் இறங்கியவர்களில் 2002 முதல் ஐரோப்பாவில் குறைந்தது ஒன்பது பேர் இறந்திருக்கிறார்கள் என்று இங்குள்ள வேலையிடப் பாதுகாப்பு ஆணையம் (HSE) 2012-ல் எச்சரித்தது. எங்கள் தொட்டிக் கதவில் வெறும் “உள்ளே வராதீர்கள்” என்று மட்டும்தான் எழுதியிருந்தது. பெல்லட் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க யாராவது தலையை நீட்டினால்? அன்றே கதவைப் பூட்டி, எச்சரிக்கைப் பலகை மாட்டி, காற்றுப் போக்கியைச் சரிபார்த்து, பாய்லர் அறைக்கு ஒரு மோனாக்ஸைடு அலாரமும் கையில் கொண்டுபோக ஒன்றும் வாங்கினோம். இருப்பைப் பார்க்கக் கதவிலேயே ஒரு கண்ணாடி வைத்தோம். இதற்கெல்லாம் சில நூறு பவுண்டுதான் ஆனது. உங்கள் இடத்தில் பெல்லட் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அந்தத் தொட்டியைப் போய்ப் பாருங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ், வாடகை பாய்லர், எண்ணெய், பஃபர் டேங்க், கூடுதல் மீட்டர் என்று திட்டத்தில் இல்லாமல் போன பணம் எங்களுக்கு 40,000 பவுண்டைத் தாண்டியது. மொத்தத் திட்டமே 1,80,000 பவுண்ட். மூன்றாம் குளிர்காலத்திலிருந்து பாய்லர் நன்றாக ஓடுகிறது, எண்ணெய்ச் செலவு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது, சில்லு பக்கத்துக் காடுகளிலிருந்தே வருகிறது. இந்தச் செலவில் பெரும் பகுதியைத் தடுத்திருக்கலாம். பணம் கொடுக்கும் விதத்தில் ஒரு நிபந்தனை வைத்திருந்தாலே பாதி தடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் ஒப்பந்தத்தில் ஆகஸ்டில் பாய்லரை ஒருமுறை பற்றவைத்துக் காட்டியதும் முழுப் பணமும் போய்விட்டது. ஆகஸ்டில் எந்த பாய்லரும் நன்றாகத்தான் ஓடும். தொடக்கப் பள்ளி வேலையில் பத்து விழுக்காட்டைப் பிடித்து வைத்தோம், நவம்பர் முதல் மார்ச் வரை ஒரு முழுக் குளிர்காலம் ஓடிக் காட்டிய பிறகுதான் தருவோம் என்று எழுதினோம். அந்த ஆண்டு பிப்ரவரியில் ஒரு மோட்டார் பழுதானபோது, நான் போன் செய்த அன்று மாலையே ஆள் வந்துவிட்டார்.